ஒன்பதாம் எண் படம்

அக்டோபர் 1, செவ்வாய்

எண் ஒன்பதை மாட்டியாயிற்று. இரண்டு ஆணி. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், சாய்வு இல்லை. கேலரி முதலாளி டெக்லன் எட்டடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, இடது பக்கம் இறங்கியிருக்கிறது என்றார். இறங்கியிருந்தது அவர் தலை. நான் சொல்லவில்லை.

இந்த நோட்டு நான் தென்காசியில் இயற்பியல் டீச்சராக இருந்த காலத்து ஆய்வகப் பதிவேடு. ஒன்பது வருஷமாக அயர்லாந்தில், இந்தக் கார்க் நகரத்தில், பெட்டிக்குள் சும்மா கிடந்தது. இங்கே என் பி.எட்.டைச் சீந்துவாரில்லை. மூன்று வருஷமாகக் கேலரி மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்களுக்கு விவரம் சொல்ல வேண்டும், படம் மாட்ட வேண்டும், விற்ற படத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்ட வேண்டும். பொட்டு என்று நான்தான் சொல்கிறேன். அது வட்ட ஸ்டிக்கர். ஒட்டிவிட்டால் வேறு யாரும் அந்தப் படத்தைக் கேட்கக் கூடாது. நம் ஊரில் பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டுப் போவது போலத்தான்.

எதற்கு இப்போது எழுத உட்கார்ந்தேன் என்றால், இன்னும் ஐந்து வாரம் எண் ஒன்பதுக்கு எதிரில் நான் இருந்தாக வேண்டும். எண் ஒன்பதில் இருப்பது இவர், என் வீட்டுக்காரர். இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். நோட்டு சிரிக்காது.

அக்டோபர் 3, வியாழன்

திறப்பு விழா. அறுபது பேர் வந்தார்கள். இவரும் வந்தார். வைன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு சீஸ் தட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

இவர் படமான கதையை எழுதி வைக்கிறேன். போன டிசம்பரில் ஒரு நாள் நல்ல மழை. என்னைக் கூட்டிப்போகக் குடையோடு வந்தவர், நான் கதவைப் பூட்டுவதற்குள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். அன்று ஊனா பிரெஸ்லின் அங்கே இருந்தாள். ஓவியர். அறுபது வயது, ஆம்பிளை பூட்ஸ், நகக்கண் எல்லாம் சாயம். மனிதர்களை மட்டும்தான் வரைவாள், அதுவும் எண்ணெய்ச் சாயத்தில். இவரையே பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் எழுந்ததும், வியாழக்கிழமை மதியங்களில் தன் ஸ்டுடியோவுக்கு வந்து இதேபோலத் தூங்க முடியுமா என்று கேட்டாள்.

"உக்காந்து தூங்கணும், அவ்வளவுதானே?" என்றார் இவர் என்னிடம். "ஈ.பி. ஆபீசுல பதினெட்டு வருசம் இருந்தேம்லா. அனுபவம் உண்டுன்னு சொல்லு." இப்போது மருந்து பேக்டரியில் மெஷின் பராமரிப்பு. வியாழக்கிழமை லீவு. இந்த வருஷம் மே, ஜூன், ஜூலை என்று பதினோரு வியாழன் போனார்.

படம் நன்றாகத்தான் இருக்கிறது. பழுப்பு ஸ்வெட்டர், கொஞ்சம் திறந்த வாய், கழற்றி ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்த செருப்பு. வெறுங்கால் இரண்டையும் முன்னால் நீட்டியிருக்கிறார். ஆனால் கால்தான் தப்பு. கணுக்காலே தெரியாமல் உருண்டையாக, யாரோ ஒரு தடித்த வெள்ளைக்காரன் காலைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறாள். முப்பத்தோரு வருஷமாக நான் பார்க்கிற கால் எனக்குத் தெரியாதா?

அக்டோபர் 5, சனி

அட்டையில் படத்தின் தலைப்பு இப்படி இருக்கிறது: இவர் முழுப்பெயர், அதற்குப் பிறகு 'வியாழக்கிழமை மதியம்'.

எங்கள் ஊர்க் கோயில் அம்மன் பெயர் எனக்கு, உலகம்மை. சாமி பெயர் இவருக்கு. பெண் பார்க்க வந்த அன்று தரகர், "பத்துப் பொருத்தம் எதுக்குங்கேன், பேரே பொருந்திட்டுல்லா" என்று சொல்லி இரண்டு தடவை கேசரி வாங்கிச் சாப்பிட்டார்.

இன்று நாலு பேர் தலைப்பைக் கேட்டார்கள். அட்டையைக் காட்டினேன். டெக்லன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "உல்கா, வாயால சொல்லாம ஏன் விரலை நீட்டுறீங்க?" என்றார். அவருக்கு என் பெயர் அவ்வளவுதான் வரும்.

"உச்சரிக்கக் கஷ்டம்."

"உங்களுக்கா?"

புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது மூடநம்பிக்கை. ஒலி அலைக்கும் ஒரு மனிதர் ஆயுளுக்கும் சம்பந்தமில்லை என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள் நான். சொல்லிப் பழக்கம் இல்லை, வேறொன்றும் இல்லை. இந்த நோட்டிலும் எழுதப்போவதில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

ஊனா வந்தாள். இனி பொறுக்க முடியாது என்று கேட்டுவிட்டேன். முகம், கை எல்லாம் சரி, காலை மட்டும் ஏன் இப்படிப் போட்டாய்?

அவள் கோபப்படவில்லை. படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"நான் இருக்கிறதைத்தான் வரைவேன். மொதல் வாரம் செருப்போடதான் உக்காந்தார். அப்புறம் அவராவே கழட்டி வச்சார். கடைசி மூணு வாரம் திரும்பப் போடறதுக்கே கஷ்டப்பட்டார். கவனிச்சேன்."

ஜூலையில் இவர் புதுச் செருப்பு வாங்கினார், ஒரு அளவு பெரிதாக. பழையது சுருங்கிவிட்டது என்று கடைக்காரனைத் திட்டினார். தோல் ஈரத்தில் சுருங்கும் என்று நானும் விளக்கம் கொடுத்தேன்.

அக்டோபர் 9, புதன்

மாலை ஆறு மணி. இவர் வேலையிலிருந்து வந்ததும் சோபாவில் உட்கார வைத்தேன்.

"காலக் காட்டுங்க."

"எதுக்கு, பாதபூஜையா?"

"காட்டுங்கங்கேன்."

"சாக்ஸக் கழட்டுனா நாறும்ட்டி."

"நாறட்டும்."

சாக்ஸின் விளிம்பு பதிந்து கணுக்காலைச் சுற்றி ஆழமாக ஒரு கோடு இருந்தது. எலும்புக்கு மேல் கட்டைவிரலை அமுக்கி எடுத்தேன். பிசைந்து வைத்த சப்பாத்தி மாவில் விழுவது போலக் குழி விழுந்தது. இருபது வரை எண்ணினேன். குழி அப்படியே இருந்தது.

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

"நின்னு நின்னு வேல பாக்கேம்லா, நீர் எறங்கும். போன மாசம்… இல்ல, மே மாசம் இருக்கும்."

"மாடி ஏறும்போது?"

"கொஞ்சம் மூச்சு வாங்கும். வயசாவுதுல்லா. நீ மட்டும் கொமரியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊனா காலைத் தப்பாக வரையவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

டாக்டரிடம் போனோம். நெஞ்சில் குழாயை வைத்தவர் வெகுநேரம் அதை எடுக்கவே இல்லை.

அக்டோபர் 18, வெள்ளி

ஸ்கேன் முடிவு வந்தது. இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகும் வாசலில் உள்ள வால்வு சுருங்கிவிட்டது. இதயம் முட்டி மோதிக் களைத்துப்போயிருக்கிறது. நெஞ்சைத் திறந்து வால்வை மாற்ற வேண்டும், அதிக நாள் தள்ளக் கூடாது. படம் போட்டுக் காட்டினார்கள். குறுகிய குழாயில் அழுத்தம் ஏறுவது எனக்குத் தெரிந்த பாடம்தான். பதினோராம் வகுப்பு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர், "செருப்புக் கடக்காரனத் தேவையில்லாம திட்டிட்டோம்" என்றார்.

இரவுச் சாப்பாடு ரசம், அப்பளம். உப்பு குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்டோபர் 19, சனி

ஊனாவிடம் கேட்டேன். கால் வீங்குவதைப் பார்த்துக்கொண்டே வரைந்தாயே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

"ஆறாவது வாரம் அவர்கிட்ட கேட்டேன். 'ஒண்ணும் இல்ல, என் மனைவிகிட்ட சொல்லிடாதீங்க, அவ டீச்சர், பரீட்சை வைப்பா'ன்னார். நான் சிரிச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "சிரிச்சிருக்கக் கூடாது உல்கா. சொல்லியிருக்கணும். தப்புதான்."

நன்றாக நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்றுதான் போனேன். கேட்க வாய் வரவில்லை. வாரத்தில் ஒரு மதியம் பார்த்தவளுக்குத் தெரிந்தது, தினமும் சோறு போடுகிறவளுக்குத் தெரியவில்லை. அவளைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை? வெட்கமாக இருந்தது. பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்து, இரண்டு பேருக்கு விலைப்பட்டியல் கொடுத்தேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

தேதி கொடுத்துவிட்டார்கள். நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை.

"செவ்வாயோ வெறும் வாயோம்பாங்க. வியாழக்கெழம இல்லையான்னு கேளேன்" என்றார் இவர்.

அதெல்லாம் பார்க்கக் கூடாது என்று அதட்டினேன். பிறகு அடுத்த அறைக்குப் போய் போன் செய்து கேட்டேன். இல்லையாம்.

நூறில் மூன்று பேருக்கு ஆபத்து வரலாம் என்று டாக்டர் சொன்னார். நிகழ்தகவு பாடம் நடத்தியவள் நான். மூன்று சின்ன எண்தான். ஆனால் அந்த மூன்று பேர் வீட்டிலும் ஒருத்தி இதே மாதிரி உட்கார்ந்து அது சின்ன எண் என்று எழுதியிருப்பாள்.

அக்டோபர் 24, வியாழன்

டப்ளினிலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி. எண் ஒன்பதுக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றார்கள். அவள், "என்ன நிம்மதியான தூக்கம்!" என்று மூன்று முறை சொன்னாள். அவன் குனிந்து காலைப் பார்த்து, "எப்படி வரைஞ்சிருக்காங்க பாரு!" என்றான். பிறகு மேஜைக்கு வந்தார்கள்.

உங்கள் வீட்டுச் சுவரில் வெயில் படுமா என்று கேட்டேன். படும் என்றார்கள். அப்படியானால் வேண்டாம், ஒளி பட்டால் நிறம் மங்கும் என்றேன். அளவும் பெரிது, மாடிப்படித் திருப்பத்தில் இடிக்கும் என்றேன். அவர்கள் எண் நான்கை வாங்கிக்கொண்டு போனார்கள்.

டெக்லன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "விக்கிறதுக்குத்தான் உங்களை வச்சிருக்கேன், உல்கா."

நான் பொய் சொல்லவில்லை. ஒளி நிறமியைப் பாதிக்கும். புத்தகத்தில் இருக்கிறது.

ஆபரேஷன் முடிகிறவரை எண் ஒன்பது இந்தச் சுவரிலேயே இருந்தால் நல்லது. இதற்கு எந்தக் காரணமும் கிடையாது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. லீவு போட்டேன். காலையில் இவர் தலையில் எண்ணெய் வைத்தேன், அப்படியே காலிலும் தடவினேன். "பன்னெண்டாந் தேதிக்குள்ள என்னயப் பொரிச்சி எடுத்துருவ போலருக்கே" என்றார். அதிரசம் கேட்டார். அரை அதிரசம் கொடுத்தேன்.

சாயங்காலம் கடைக்குப் போய்க் கண் மை ஒன்று வாங்கினேன். நான் மை இட்டு ஐந்து வருஷம் இருக்கும்.

நவம்பர் 2, சனி

எண் ஒன்பது விற்றுவிட்டது.

வாங்கியவர் பெயர் நோரா. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர், எழுபதைத் தாண்டியவர், கைத்தடி. அவர் வீட்டில் மாடி கிடையாது, வெயில் படாத வடக்குச் சுவர்தான். நான் கேட்பதற்கு முன்பே அவராகச் சொல்லிவிட்டார்.

"யார் இந்த மனுஷர்?" என்று கேட்டார்.

"அட்டையில் இருக்கிறது" என்றேன்.

"கண்ணாடி கொண்டு வரலைம்மா. படிச்சுச் சொல்லுங்க."

பக்கத்தில் டெக்லன் நின்றார். வேறு வழியில்லை, தலைப்பைச் சொன்னேன். படத்தின் பெயரைத்தான் சொன்னேன். சொன்னதும் உடனே வீட்டுக்குப் போன் செய்தேன். இவர் நன்றாக இருந்தார், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எதற்கு போன் என்று கேட்டார். சும்மா என்றேன்.

கண்காட்சி ஒன்பதாம் தேதி முடிகிறது. பதினொன்றாம் தேதி திங்கட்கிழமை காலையில் நோரா படத்தை எடுத்துப் போகிறார், ஆபரேஷனுக்கு முந்தின நாள். தற்செயல்தான்.

சிவப்புப் பொட்டை நான்தான் ஒட்டினேன். வேலை என்றால் செய்யத்தானே வேண்டும்?

நவம்பர் 5, செவ்வாய்

காலை ஒன்பதரைக்கே கேலரியைத் திறந்துவிட்டேன். பத்து வரை தனியாக இருந்தேன். எழுத வேறொன்றும் இல்லை.

நவம்பர் 6, புதன்

படத்தை ஒப்படைப்பதற்கு முன் கீறல் ஏதாவது உண்டா என்று டெக்லன் டார்ச் அடித்துப் பார்ப்பார். எண் ஒன்பதில் இடது குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறதாம். மிளகை விடச் சின்னது. போன மாதம் எடுத்த போட்டோவில் அது இல்லையாம்.

"உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

டெக்லன் வெளுத்துப்போனார். ஊனாவுக்குப் போன் போட்டார். நாளைக்கு வருகிறாள். படத்துக்குச் சேதம் என்றால் வேலை போகும். போகட்டும். மூன்று வருஷம் இருந்தாயிற்று.

நவம்பர் 7, வியாழன்

ஊனா பஞ்சுக் குச்சியும் பாட்டில்களும் கொண்டுவந்தாள். டெக்லனை உள்ளே போய்த் தேநீர் போடச் சொன்னாள். முழங்காலிட்டு அந்தப் புள்ளியைப் பஞ்சால் லேசாகத் தொட்டாள். பஞ்சில் கறுப்பு ஒட்டியது. மூக்கில் வைத்து மோந்து பார்த்தாள். பிறகு திரும்பி என் கண்ணைப் பார்த்தாள். இன்றைக்கும் நான் மை இட்டிருக்கவில்லை.

"இது கண்ணுக்குப் போடற பென்சில்" என்றாள்.

பொய் சொல்ல மனம் வரவில்லை. சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் குழந்தைக்குக் கன்னத்திலோ குதிகாலிலோ மைப் பொட்டு வைப்பார்கள். பார்க்கிறவர்கள் கண் பட்டுவிடக் கூடாது என்று. ஐந்து வாரமாக இத்தனை பேர் இவரைப் பார்த்து ஆகா, ஓகோ என்கிறார்கள். செவ்வாய்க்கிழமை இவர் நெஞ்சைத் திறக்கப்போகிறார்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, நான் இயற்பியல் படித்தவள். ஆனாலும் வைத்துவிட்டேன். உன் படத்தைக் கெடுத்தது தப்பு. எனக்குப் பயமாக இருக்கிறது, ஊனா. எந்தப் புத்தகமும் உதவவில்லை.

இத்தனையும் நின்றபடியே சொன்னேன். அழவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவள் பூட்ஸ் காலை மடக்கித் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க அம்மா கெர்ரி பக்கம் கிராமத்துல மாடு வச்சிருந்தா. யாராவது வந்து கன்னுக்குட்டி அழகா இருக்குன்னு சொன்னா, கூடவே 'கடவுள் காக்கட்டும்'னு சொல்லணும். சொல்லாம போனா, அம்மா ரோடு வரைக்கும் பின்னாலயே ஓடி, அதைச் சொல்ல வச்சுட்டுத்தான் விடுவா." படத்தை நிமிர்ந்து பார்த்தாள். "திறப்பு விழாவுல அறுபது பேர் இவரைப் பாராட்டினாங்க. ஒருத்தர்கூட அதைச் சொல்லலை. நானும்தான்."

பஞ்சைத் தூக்கிப் போட்டாள். பையிலிருந்து ஒரு சாயக் குழாயும் மெல்லிய தூரிகையும் எடுத்தாள். நான் வைத்த பொட்டின் மேலேயே, அதே அளவில், எண்ணெய்ச் சாயத்தில் ஒரு பொட்டு வைத்தாள்.

"உன்னுது அழிஞ்சுடும். இது அழியாது."

டெக்லன் தேநீரோடு வந்தார். ஊனா எழுந்து பூட்ஸைத் தட்டிக்கொண்டாள். "குதிகால்ல ஒரு மச்சம் விட்டுப்போச்சு, இப்ப வச்சுட்டேன். அந்தப் பழைய புள்ளி, மச்சம் எங்க வைக்கணும்னு நான் போட்ட அடையாளம், சொல்ல மறந்துட்டேன். சாயம் காய ஒரு வாரம் ஆகும். வியாழக்கிழமைக்கு முன்னால இந்தப் படத்தை யாரும் தொடக் கூடாது."

"இத்தனூண்டு புள்ளிக்கு ஒரு வாரமா?"

"என் படம். என் சாயம்."

டெக்லன் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தேநீரை மேஜையில் வைத்தார். அப்புறம் நோராவுக்குப் போன் செய்து நாளை மாற்றினார். பதினான்காம் தேதி.

நவம்பர் 11, திங்கள்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. பை கட்டியபோது இவர் கேட்ட சாமான்கள்: பல் செட் டப்பா, விபூதி, மொபைல் சார்ஜர், ஒரு டப்பா மிக்சர். மிக்சரை நான் வைக்கவில்லை.

ஏழு மணிக்கு என்னைக் கிளம்பச் சொன்னார்கள். எழுந்தேன். இவர் போர்வைக்கு வெளியே இடது காலை நீட்டினார்.

"என்ன, கால் வலிக்கா?"

"எனக்கும் ஒண்ணு வச்சிட்டுப் போ."

"என்னத்த?"

"படத்துக்கு மட்டுந்தானா? ஊனா சொல்லிட்டா."

பையில் மை இருந்தது. ஏன் இருந்தது என்று இவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வைத்தேன். கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

"பயமாத்தான் இருக்குட்டி" என்றார்.

"எனக்குந்தான்" என்றேன்.

நவம்பர் 12, செவ்வாய்

எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஒன்றேகாலுக்கு முடிந்தது. வால்வு நன்றாகப் பொருந்திவிட்டது என்று டாக்டர் வந்து சொன்னார். மயக்கம் தெளியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்.

நான்கு மணி ஆயிற்று, ஐந்து ஆயிற்று. ஊனா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐந்தே முக்காலுக்கு ஒரு நர்ஸ் வந்து என்னை மட்டும் உள்ளே கூட்டிப்போனாள். மயக்க மருந்தை எப்போதோ நிறுத்திவிட்டார்களாம். இந்நேரம் கண் திறந்திருக்க வேண்டுமாம். கவலைப்பட வேண்டாம் என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

வாயில் குழாய், மூக்கில் குழாய், நெஞ்சு முழுக்கக் கட்டு. மெஷின்தான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. இவரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"கூப்பிடுங்க. தெரிஞ்ச குரல் கேட்டா முழிப்பாங்க."

"என்னங்க" என்றேன். அசைவில்லை. இன்னும் சத்தமாக, "என்னங்க, நாந்தான் வந்திருக்கேன்" என்றேன். ஒன்றும் இல்லை.

"பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. பேருக்குத்தான் மூளை திரும்பும்."

வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. முப்பத்தோரு வருஷம் சொல்லாத பெயர். சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டும் ஒரே நேரத்தில் தொண்டையில் நின்றன. என் வாயில் அது ஒரே ஒரு முறை, ஒரே ஒரு விதமாகத்தான் வந்திருக்கிறது. அப்படியேதான் இப்போதும் வந்தது, நோராவிடம் சொன்ன மாதிரியே.

"காசிவிசுவநாதன், வியாழக்கிழமை மதியம்."

நர்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் விடவில்லை. "காசிவிசுவநாதன், வியாழக்கிழமை மதியம்" என்று மறுபடியும் சொன்னேன், மூன்றாம் தடவை கத்தினேன்.

இமை அசைந்தது. திறந்தது. என்னைத் தேடியது.

கையை அழுத்தச் சொன்னாள் நர்ஸ். அழுத்தினார். என் மோதிரம் சதையில் பதிகிற அளவுக்கு அழுத்தினார். அதற்குப் பிறகு நான் அழுதேன். அதை எழுதி வைப்பதில் எனக்கு ஒன்றும் கூச்சமில்லை.

நவம்பர் 13, புதன்

குழாயை எடுத்துவிட்டார்கள். தொண்டை புண், பேச்சு வரவில்லை. நாள் முழுக்கத் தூக்கம். டெக்லன் பூ அனுப்பியிருந்தார். பூவை வார்டுக்குள் விடவில்லை.

நவம்பர் 14, வியாழன்

காலையில் கேலரிக்குப் போனேன். லீவுதான், ஆனாலும் எண் ஒன்பதை என் கையால் இறக்க வேண்டும் என்று தோன்றியது. குதிகாலை விரலால் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

நோரா இன்று கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். குனிந்து பார்த்தார். "குதிகால்ல ஏதோ இருக்கே?"

"அது இவருடையதுதான்" என்றேன். "காசிவிசுவநாதன். என் வீட்டுக்காரர்."

நோரா நிமிர்ந்தார். என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "எவ்வளவு அழகா தூங்குறார்!" என்றார். ஒரு மூச்சு விட்டு, யாரும் கேட்காமலே, "கடவுள் காக்கட்டும் அவரை" என்றார்.

வண்டியில் ஏற்றிவிட்டேன். சுவரில் இரண்டு ஆணி மிச்சம். நாளைக்குப் பிடுங்க வேண்டும்.

இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி. இவரைக் கட்டிலிலிருந்து இறக்கிப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். கால் இரண்டும் முன்னால் நீட்டி இருந்தன. என்னைப் பார்த்ததும் ஏதோ சொன்னார். காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"ஏட்டி… அன்னைக்கு செவ்வாக்கெழமல்லா? வியாழன்னு சொன்னே."

"கேட்டுச்சா?"

"பேரும் கேட்டுச்சி. முப்பது வருசமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

"முப்பத்தொண்ணு" என்றேன். "இன்னைக்குத்தான் வியாழன்."

"அப்பம் சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றே கால் ஆயிற்று. வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது, குறட்டை வருகிறது. பேர் சொல்லி எழுப்ப எனக்கு இப்போது தெரியும். எழுப்பவில்லை.